கார்பன் இழைத் தகட்டில் துளை போட்ட அனுபவம்

உலோகத்தில் துளை போட்டே பழகிய கைக்கு, கார்பன் இழைத் தகட்டைப் பார்த்தால் கொஞ்சம் இளக்காரமாகத்தான் இருக்கும். 4 மி.மீ. தடிமன், தூக்கினால் எடையே தெரியாது. எஃகையே துளைக்கும் டிரில்லுக்கு இது எம்மாத்திரம்? என்னிடம் வந்த வேலை, இத்தகைய தகடுகளில் போல்ட் மாட்ட 6 மி.மீ. துளைகள் போடுவது. நிபந்தனை ஒன்றுதான்: துளையைச் சுற்றி அடுக்குகள் பிரியக் கூடாது.

சிக்கல் முழுவதும் அந்த நிபந்தனையில்தான் இருந்தது. கார்பன் இழைகளை அடுக்கடுக்காக வைத்து ஒட்டியதுதான் இந்தத் தகடு. இழையின் நீளவாக்கில் தகட்டுக்கு அசாத்திய வலிமை உண்டு. ஆனால் ஓர் அடுக்கையும் அடுத்த அடுக்கையும் பிணைத்திருப்பது ரெசின் என்ற பிசின் மட்டுமே. டிரில் நுழையும்போது அதன் திருகுப் பள்ளம் மேலடுக்கை உரித்துத் தூக்கப் பார்க்கும். வெளியேறும்போது இன்னும் மோசம்: எஞ்சிய ஓரிரு அடுக்குகளை வெட்டாமலே கீழே தள்ளிவிடும். மிச்சமிருக்கும் தடிமன் குறையக் குறைய, அது தாங்கும் தள்ளுவிசையும் குறைகிறது என்பதை ஹோ-செங், தரன் என்ற இரு ஆய்வாளர்கள் 1990-இலேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள்.

அதே தகட்டில் வெட்டி எடுத்த துண்டில் முதலில் சோதித்தேன். சாதாரண ஹைஸ்பீடு ஸ்டீல் பிட் (டிரில்லில் மாட்டும் துளைமுனை) தொடக்கத்தில் நன்றாகவே வெட்டியது. சில துளைகளுக்குள் முனை மழுங்கத் தொடங்கியது. கார்பன் இழை உப்புத்தாள் மாதிரி உலோகத்தைத் தேய்த்துவிடுகிறது. மேலே பார்த்தால் துளை அழகான வட்டம். தகட்டைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தால், வெட்டுப்படாத இழைகள் வாயோரம் மயிர்க்கற்றையாக நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் மேற்பரப்பே லேசாக உப்பியிருந்தது.

எஃகைவிடக் கடினமான கார்பைடில் செய்த புது பிட்டுக்கு மாறினேன். ஃபீடை, அதாவது பிட் ஒரு சுற்றில் உள்ளே இறங்கும் அளவை, 0.05 மி.மீ. ஆகக் குறைத்தேன். தகட்டின் அடியில் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை வைத்து இடைவெளி துளியும் இல்லாமல் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். என்னைக் கேட்டால், விலை உயர்ந்த பிட்டைவிட இந்தப் பலகைதான் பெரிய வித்தியாசத்தைத் தந்தது. டேப் ஒட்டினாலே போதும் என்று சொல்பவர்கள் உண்டு. அது பிசிரைக் கொஞ்சம் அடக்கும். தள்ளுவிசையை எதிர்த்து நிற்க அதற்கு ஏது பலம்?

துளைகளைச் சரிபார்க்க, வாயோரத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தேன். நல்ல இடம் உடனே காய்ந்துவிடும். பிரிந்த இடத்தில் திரவம் உள்ளே புகுந்து, கறுத்த கோடாகச் சற்று நேரம் நிற்கும். இது மேலோட்டமான சோதனைதான். உள்ளடுக்கில் ஒளிந்திருக்கும் பிரிவைப் பிடிக்க மீயொலிச் சோதனை வேண்டும்.

6 மி.மீ. பிட் போட்ட துளையில் 6 மி.மீ. போல்ட் நுழைய மறுத்தது இன்னொரு வேடிக்கை. வெட்டும்போது எழும் சூடு இந்தப் பொருளில் எளிதாகப் பரவுவதில்லை, துளையோரத்திலேயே தங்குகிறது. ஆறிய பிறகு துளை இம்மியளவு சுருங்கிவிடுகிறது. சுத்தியலால் தட்டி இறக்கினால் அடுக்குகள் பிளந்துவிடும் என்பதால் துளையை நுணுக்கமாக அகலப்படுத்தும் ரீமர் விட்டுச் சரிசெய்தேன்.

தூசியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இங்கே சுருள் சுருளாகச் சீவல் வராது, கருந்தூள்தான் வரும். நுரையீரலுக்குக் கெடுதல் என்பது ஒருபுறம். அது மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் மின்பெட்டிக்குள் புகுந்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகும். நுண் வடிகட்டி உள்ள வேக்குவம் குழாயைத் துளையருகே பிடித்தேன். முகமூடியைக் கழற்றவே இல்லை. காற்றடித்துச் சுத்தம் செய்யும் பழக்கத்தை இந்த வேலையில் அடியோடு விட்டுவிட வேண்டும்.

கடைசியில் மாட்டுவதற்கென்று வந்தவை அலுமினிய போல்ட்டுகள். ஈரம் பட்டால் கார்பனோடு உரசி நிற்கும் அலுமினியம் அரித்துப்போகும். டைட்டானியம் போல்ட் வரும்வரை தகடுகளை அப்படியே அடுக்கி வைத்துவிட்டேன்.