வேலியில் இருந்த பொட்டு

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் பெரியம்மாவின் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் இடையில் நெடுங்காலமாகக் கிடுகு வேலிதான் இருந்தது. கிளுவைக் கதியால்களுக்கு நடுவே ஓர் ஆள் குனிந்து நுழையக்கூடிய பொட்டு ஒன்றும் இருந்தது. காய்ச்சல் என்றால் மல்லித் தண்ணீரும் கறி மிஞ்சினால் ஒரு கோப்பைக் கறியும் அந்த வழியாகத்தான் வந்தன. 2018இல் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் அவ்விடத்தில் ஆறடி மதில் எழுந்தது. கள்ளர் பயம் உண்மையாகவே இருந்த காலம் அது. ஆகவே அதைக் கட்டியவர்களை நான் குறை சொல்லவில்லை.

பெரியம்மா முப்பது ஆண்டுகள் பாடசாலையில் சுகாதாரம் கற்பித்தவர். சதையி எங்கே இருக்கிறது, இன்சுலின் என்ன செய்கிறது என்பவற்றைக் கரும்பலகையில் வரைந்து விளக்கிய அவருக்கே பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு. பெரியப்பா இருந்தவரை அது கட்டுப்பாட்டில் இருந்தது. 2023இல் அவர் காலமான பிறகு செய்த எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில், முன்பு 6.8 ஆக இருந்த அளவு 9.4 என்று வந்தது. இரத்தச் சிவப்பணு ஒன்று ஏறத்தாழ 120 நாள்கள் வாழ்கிறது. அதில் சீனி எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதால், இந்தப் பரிசோதனை ஒரு நாளின் கணக்கையல்ல, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் கணக்கைச் சொல்கிறது. ஆகவே அதற்கு முதல்நாள் மட்டும் பத்தியமாக இருந்து தப்ப முடியாது.

அன்று கிளினிக்குக்கு அவரைக் கூட்டிச் சென்றது நான்தான். கொப்பியைப் புரட்டிப் பார்த்த வைத்தியர், "படிச்ச ஆள் நீங்கள், உங்களுக்கே இதைச் சொல்ல வேணுமோ?" என்று கேட்டார். பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டார். வெளியே நூறு பேர் காத்திருந்தார்கள். அந்த மேசையில் ஒருவருக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். அதற்குள் கேட்க முடியாத கேள்வியை நான் வீடு திரும்பும் வழியில் கேட்டேன். "இரவுக் குளிசையை நான் போடுறேல்லை, பிள்ளை," என்றார். அவர் விழுங்க வேண்டியிருந்தது சதையியைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் வகை மருந்து. சாப்பாடு போதாமல் அதை விழுங்கினால் இரத்தத்தில் சீனி அளவுக்கு மீறிக் குறையலாம். தனக்கென்று ஒரு பிடி குரக்கன் மா குழைத்துப் புட்டு அவிக்க மனம் வராமல், பாண் துண்டும் தேநீருமாக இரவைக் கழித்துக்கொண்டிருந்த அவர், "சீனி இறங்கி மயங்கிக் கிடந்தால் விடியுமட்டும் ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அறிவு குறைந்ததால் அவர் மருந்தை நிறுத்தவில்லை என்பதை அன்று விளங்கிக்கொண்டேன். அந்த மருந்து என்ன செய்யும் என்பதை நன்றாக அறிந்திருந்ததாலும், அருகில் எவரும் இல்லாததாலும்தான் நிறுத்தினார். கிளினிக் கொப்பியில் அசட்டை என்று பதியக்கூடிய ஒன்று, தனித்திருக்கும் ஒரு மனிதர் தனக்குள் போட்டுப் பார்த்த சரியான கணக்காக இருந்தது. தினமும் இரவில் தொலைபேசியில் "அம்மா, குளிசை போட்டனீங்களோ?" என்று கேட்கும் மகனுக்கு அவர் "ஓம்" என்றே சொல்லிவந்தார். பாசத்தால் சொன்ன பொய் அது. ரொறன்ரோவில் இருப்பவனைப் பதற வைத்து என்ன பயன் என்பது அவருடைய எண்ணம்.

யாழ்ப்பாணத்தில் மருத்துவ அறிவைத் தமிழில் தரும் முயற்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், தமிழில் மருத்துவ நூல்களை ஆக்கி, 1860களில் மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். அறிவு வீட்டு மொழியில் வந்து சேர வேண்டும் என்ற அந்த எண்ணத்தின் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் வந்து சேர்ந்த அறிவு இரவு எட்டு மணிக்கு ஒரு குளிசையாக வயிற்றுக்குள் போவதற்கு வேறு சிலவும் வேண்டியிருக்கின்றன.

அவற்றில் ஒன்று மனத்தின் ஓய்வு. மனம் பதறும்போது சுரக்கும் அதிரினலின், கோட்டிசோல் என்னும் ஓமோன்கள் ஈரலிலிருந்து சீனியை இரத்தத்துக்குள் விடுவிக்கின்றன. ஓடித் தப்புவதற்கு அது உதவும். ஓடுவதற்கு இடமில்லாமல் இரவு முழுவதும் விழித்துக்கிடப்பவருக்கு அது வருத்தத்தைக் கூட்டும். எங்களூரில் இப்படிக் கிடந்து பழகியவர்கள் அநேகர். 1995 ஒக்ரோபர் 30 இரவு, போர் நெருங்கியதால் ஊரைவிட்டு வெளியேறிய வலிகாமத்து மக்களுடன் சேர்ந்து எங்கள் குடும்பமும் தென்மராட்சிக்கு நடந்தது. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் காயத்தைத் தனி மனிதரின் மனத்தில் மட்டும் தேடக்கூடாது, குடும்பத்திலும் ஊரிலும் அறுந்துபோன உறவுகளிலும் காண வேண்டும் என்று எழுதிவந்திருக்கிறார். நாங்கள் மதில் கட்டியபோது அந்த அறுந்த இடத்திலேயே மேலும் ஒரு கோடு இழுத்தோமோ என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

உறவு உடலில் என்ன செய்கிறது என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1997இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நலமாயிருந்த 276 பேரின் மூக்கில் தடிமன் வைரசைச் சொட்டுகளாக விட்டுக் கண்காணித்தார்கள். குடும்பம், அயல், வேலையிடம், வழிபாட்டிடம் எனப் பலவகை உறவுகள் கொண்டவர்களைவிட, ஒன்று முதல் மூன்று வகை உறவுகளோடு நின்றவர்களுக்குத் தடிமன் கூடுதலாகப் பிடித்தது. எண்ணப்பட்டவை உறவின் வகைகள் என்பதே என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. பெரியம்மாவுக்கு உறவினர் குறைவில்லை. நாள்தோறும் பேசும் பிள்ளைகள் மூவர். ஆனால் அவர்கள் அனைவரும் ஒரே வகை. முகத்தைப் பார்த்து "ஏன் வாடிப்போனீங்கள்?" என்று கேட்கக்கூடிய அயல் ஒன்றுதான் இல்லாமற்போயிருந்தது.

அயல் எப்போதும் நன்மையே செய்யும் என்று நான் எழுதமாட்டேன். மனநோய் வந்த மகளின் கலியாணம் குழம்பிவிடும் என்று வைத்தியரிடமே காட்டாமல் மறைத்த வீட்டை எனக்குத் தெரியும்; அந்த அச்சத்தை ஊட்டியது அயல்தான். குளிசையை விட்டுவிட்டுப் பாகற்காய்ச் சாற்றை மட்டும் குடிக்கச் சொல்பவர்களும் அன்போடுதான் சொல்கிறார்கள். அறிவில்லாத ஆதரவு ஆளைக் கொன்றுவிடக்கூடும்.

அடுத்த கிளினிக்கில் இரவுச் சாப்பாட்டைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் வைத்தியரிடம் விரிவாகச் சொன்னோம். சீனியை அவ்வளவாக இறக்காத வேறு மருந்துக்கு மாற்றித் தந்தார். பக்கத்து வீட்டு அக்காவிடம் நானே போய்க் கேட்டேன். "முந்தியே சொல்லியிருக்கலாமே," என்று கண்கலங்கிய அவர், இரவுச் சமையலில் பெரியம்மாவையும் சேர்த்துக்கொள்ள உடனே ஒப்புக்கொண்டார். அவருடைய பேரப்பிள்ளைக்குப் பெரியம்மா இப்போது கணக்கும் தமிழும் சொல்லிக்கொடுக்கிறார். ஆனால் ஒழுங்கையைச் சுற்றி இருட்டில் வந்துபோவது இருவருக்கும் சிரமமாக இருந்தது. மதிலை உடைத்துச் சிறிய படலை ஒன்று வைப்போம் என்று நான் சொன்னபோது, ரொறன்ரோவிலிருந்து கடும் மறுப்பு வந்தது. ஒரு கிழமை கதைத்த பிறகு, இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் வைப்பது என்ற உடன்பாட்டுக்கு வந்தோம். மேசன் வருகிற வெள்ளிக்கிழமை வருகிறார். அடுத்த இரத்தப் பரிசோதனை ஆடி மாதத்தில்.