செனீசே மிளகாய் ஒருவழியாக மொறுமொறுத்தது

தென் இத்தாலியின் பசிலிகாட்டா வட்டாரச் சமையலில் கொண்டைக்கடலை போட்ட லகானே என்ற பட்டைப் பாஸ்தா எப்போதோ கைவந்துவிட்டது. ஸ்ட்ராஷினாத்தி என்ற இன்னொரு பாஸ்தாவும் பரவாயில்லை, ரவை மாவை மூன்று விரலால் பலகையில் அழுத்தி இழுக்கும் பழக்கம் விரலுக்கு வந்துவிட்டது. இத்தனை நாளாக இழுத்தடித்தது பெப்பெரோனி க்ருஸ்கிதான், அதாவது காய்ந்த மிளகாயை எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தது. இந்த வாரம் அதுவும் வழிக்கு வந்தது. தட்டில் கொட்டினால் சலசலவென்று சத்தம் வருகிறது. பெருமையாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்?

எல்லாம் அந்த வட்டாரத்துச் செனீசே ஊர் மிளகாயின் குணம். காரம் கிடையாது, இனிப்பு வகை. சதை மெல்லிசு, ஈரம் குறைவு. அதனால்தான் காம்பில் ஊசி நூல் கோத்துச் சரமாகத் தொங்கவிட்டாலே அழுகாமல் காய்ந்துவிடுகிறது. காய்ந்த பிறகும் காம்பு கழன்று விழாது. 1996-லேயே ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு கிடைத்த சரக்கு. வேறு ஊர்க் குடைமிளகாயைக் காயவைத்து முயல நினைப்பவர்களுக்கு: வேண்டாம், தோல் தடித்து ரப்பராகிவிடும்.

கடையில் வாங்கிய முதல் பொட்டலம் கையில் எடுத்தாலே துவண்டது. காசு மட்டும் பட்டு விலை. ஈரம் ஏறிய மிளகாயை எவ்வளவு நேரம் எண்ணெயில் போட்டாலும் தோல் கருகுமே தவிர மொறுமொறுப்பு வராது. சரமாகவே விற்கும் ஒருவரிடம் அடுத்தது வாங்கினேன்; ஆட்டினால் உள்ளே விதை கலகலத்தது. அப்போதே பாதி வேலை முடிந்தது. அதையும் நான் விடவில்லை, குறைந்த சூட்டில் ஓவனில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தேன்.

கழுவவே கூடாது. உலர்ந்த துணியால் துடைத்து, காம்பைக் கிள்ளி, விதையைத் தட்டிக் கொட்டினால் போதும். ஆலிவ் எண்ணெய் புகையக் கூடாது. என் வெப்பமானியில் 150 டிகிரியைத் தாண்ட விடவில்லை. ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். விழுந்ததும் உப்பும், நிறம் இருண்ட சிவப்பிலிருந்து பளிச்சென்று மாறும். அந்த நொடியில் ஒரு புரட்டு, உடனே வெளியே. அப்பளம் பொரிப்பது மாதிரிதான், ஆனால் அப்பளத்துக்கு இருக்கும் பொறுமைகூட இதற்குக் கிடையாது. எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், இன்னும் வேகவில்லையோ என்று கை பரபரக்கும். விட்டுவிடுங்கள். ஆறும்போதுதான் மொறுமொறுப்பு ஏறும். எண்ணெயிலேயே மொறுக்கட்டும் என்று காத்திருந்தால் பழுப்பாகிக் கசந்துவிடும், அந்தக் கசப்புக்கு மருந்தே இல்லை. தாளில் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்பி, உப்பைக் கடைசியில் தூவினேன்.

மிச்ச எண்ணெய் லேசாகச் சிவந்திருக்கும். அதைக் கொட்டுகிறவர்களை என்ன சொல்வது! அதிலேயே காய்ந்த ரொட்டித் தூளை வறுத்து, ஸ்ட்ராஷினாத்தி மேல் போட்டு, மிளகாயை நொறுக்கித் தூவினால் சாப்பாடு தயார். சீஸ் வாங்க வழியில்லாத வீடுகளில் இந்த ரொட்டித் தூள்தான் அதன் இடத்தில் இருந்தது. எனக்கு இதுவே மேல்.

ரொட்டி என்றதும் அதே வட்டாரத்து மத்தேரா ஊர் ரொட்டி ஞாபகம் வருகிறது. அங்கே பொது அடுப்பில் சுட்டெடுத்த காலத்தில் யார் வீட்டு ரொட்டி என்று தெரிய, மாவின் மேல் மர முத்திரை குத்துவார்களாம். அப்படி ஒன்று செதுக்கிப் பார்க்க மரக்கட்டை எடுத்து வைத்திருக்கிறேன். ரொட்டி இன்னும் சரியாக உப்பி வரவில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்தது உப்பிட்ட காட் மீன். ஊறவைத்துத் தண்ணீர் மாற்றி மாற்றி உப்பை இறக்கி, மேலே இந்த மிளகாயைப் போடுவார்கள். அப்புறம் கார்னிவல் காலத்து ரஃபனாத்தா என்ற முட்டை அடை: முட்டை, பெக்கொரீனோ என்ற ஆட்டுப்பால் சீஸ், துருவிய குதிரைமுள்ளங்கி (horseradish). அந்தக் கிழங்குதான் எங்கேயும் அகப்படவில்லை. பாட்டிலில் வினிகரில் ஊறியது கிடைக்கிறது, அதை நான் தொடப்போவதில்லை.