பவளத் தொட்டிக்கு விளக்கு வாங்கப் போகிறீர்களா?

ஹேமர் கோரல் என்கிற என் பவளத்தை நானேதான் பொசுக்கினேன். வீட்டுக் கூடத்தில் மூன்றடித் தொட்டி, மேலே நாலு டி5 குழல் விளக்கு, ஒவ்வொன்றும் 39 வாட். அந்தக் குழல்களை ஒன்பது மாதம், மிஞ்சிப்போனால் ஒரு வருஷத்தில் மாற்றிவிட வேண்டும், நான் ஒன்றரை வருஷம் இழுத்துவிட்டேன். கண்ணுக்கு எரிகிற மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே வலு போயிருக்கும். பவளமெல்லாம் அந்த மங்கலுக்குப் பழகிப்போய் அமைதியாக இருந்தது. அப்போதுதான் செகண்ட் ஹேண்ட் விலைக்கு 90 வாட் எல்இடி விளக்கு ஒன்று கிடைத்தது. சந்தோஷத்தில் அன்றைக்கே மாட்டி, விளக்கின் ஃபோன் ஆப்பில் எல்லா நிறத்தையும் நூற்றுக்கு நூறு வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

நாலாம் நாள் காலையில் பார்க்கிறேன், சுத்தியல் தலை மாதிரி உப்பிக்கொண்டு ஆடுகிற நுனிகளெல்லாம் உள்ளே சுருங்கி, எலும்புக்கூட்டின் விளிம்பு ரம்பம் மாதிரி வெளியே தெரிகிறது. பழுப்பும் பச்சையுமாக இருந்த சதை வேகவைத்த கிழங்கு மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. அந்தப் பவளத்தின் ஐந்து தலையில் மூன்று அந்த வாரமே போய்விட்டது.

பவளத்தின் சதைக்குள் சூசாந்தெல்லே என்கிற ஒற்றைச்செல் பாசி குடியிருக்கிறது. அது வெளிச்சத்தை வாங்கிச் சர்க்கரை சமைத்துப் பவளத்துக்குக் கொடுக்கும், பவளத்தின் சாப்பாட்டில் பெரும்பங்கு அந்தச் சமையல்தான். திடீரென்று வெளிச்சம் கூடினால் பாசிக்குத் தாங்காது, நச்சான ஆக்சிஜன் உருவாகும், பவளம் பாசியை வெளியே துரத்திவிடும். நிறம் பாசியோடு போய்விடும், கண்ணாடி போன்ற சதைக்குக் கீழே வெள்ளை எலும்பு தெரியும். இங்கே சிங்கப்பூர்க் கடலில் 1998, 2010, 2016 வருஷங்களில் பவளம் வெளுத்தது கடல் சூடானதால். என் தொட்டியில் தண்ணீர் 26 டிகிரியில்தான் இருந்தது, தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அதனால் பழியைத் தள்ளிவிட வேறு ஆளே இல்லை.

நம்மில் பலர் விளக்கு வாங்கும்போது இரண்டைத்தான் பார்க்கிறோம்: எத்தனை வாட், எவ்வளவு நீலம். இரண்டுமே பவளத்துக்கு என்ன போய்ச் சேர்கிறது என்று சொல்லாது. பார்க்க வேண்டியது ‘பார்’ (PAR) என்கிற ஒளி அளவு. 400 முதல் 700 நானோமீட்டர் வரையான ஒளியில், ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எவ்வளவு ஒளித்துகள் விழுகிறது என்பதை மைக்ரோமோல் கணக்கில் சொல்வதுதான் அது. மஷ்ரூம், லெதர் மாதிரி மென்பவளங்களுக்கு 50 முதல் 100 இருந்தாலே போதும். ஹேமர், டார்ச், பிரெய்ன் போன்ற எல்பிஎஸ் (பெரிய பாலிப் கல்பவளம்) வகைக்கு 75 முதல் 150. அக்ரோபோரா மாதிரி எஸ்பிஎஸ் (சிறிய பாலிப் கல்பவளம்) வைத்தால் 200 முதல் 350 வரை கேட்கும். அதனால் முதலில் பவளத்தை முடிவு பண்ணுங்கள், அப்புறம் விளக்குக் கடைக்குப் போங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

ஃபோனில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் ஆப் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நானும் அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஏமாந்தேன். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான கணக்கு, பச்சைக்குத்தான் அதிக மார்க் போடும். நமக்கு வேண்டிய நீலத்துக்கு அதில் மதிப்பு ரொம்பக் குறைவு. அப்போஜி மாதிரி பார் மீட்டர் சொந்தமாக வாங்குவது தண்டச் செலவு, இங்கே நண்பர்களுக்குள் இரவல் கிடைக்கும், இல்லாவிட்டால் வாடகைக்கு எடுக்கலாம். பழைய மாடல் நீலத்தைக் குறைத்துக் காட்டும், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவல் மீட்டரைத் தொட்டிக்குள் விட்டபோதுதான் என் அறிவு எனக்கே தெரிந்தது. விளக்குக்கு நேர் கீழே, பாறை உச்சியில், 410. ஹேமர் இருந்த இடத்தில் 290. ஆனால் இடது ஓர மணலில் வெறும் 45. அதாவது ஒரே தொட்டியில் ஒரு பக்கம் சித்திரை வெயில், இன்னொரு பக்கம் மார்கழி விடியல்! ஒற்றை எல்இடி சுமார் இரண்டடிக்கு இரண்டடிதான் சரியாகப் பரவும், என் தொட்டியோ மூன்றடி. ஒன்றை உச்சத்தில் எரிப்பதைவிட இரண்டைப் பாதி வலுவில் எரிப்பது எவ்வளவோ மேல், நிழலும் குறையும். டி5 குழலை ஆட்கள் இன்னும் விடாமல் வைத்திருப்பது இதனால்தான், நீளவாக்கில் சமமாகப் பரவும். கெஸ்ஸில் மாதிரி ஒரே புள்ளியிலிருந்து அடிக்கிற விளக்கில் தண்ணீருக்குள் அலை அலையாக மினுக்கும், அது தனி அழகு, ஆனால் பாறைக்கு அடியில் நிழல் கறுப்பாக விழும்.

நீலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலில் சிவப்பு முதல் சில மீட்டரிலேயே அடங்கிவிடும், நீலம்தான் ஆழத்துக்குப் போகும், பாசியும் அதற்கேற்ப நீலத்தை நன்றாக வாங்கிக்கொள்ளும். ஆகவே நீலம் தூக்கலாக வைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு எல்லாம் பச்சையும் ஆரஞ்சுமாக ஒளிர்வது பவளத்தின் ஒளிரும் புரதத்தால், அதை வைத்து ஆரோக்கியத்தை எடை போட முடியாது. வெள்ளையைக் கொஞ்சம் கூட்டிப் பகலில் பார்த்தால்தான் யார் வெளுக்கிறார், யார் பழுப்பேறுகிறார் என்று தெரியும். பழுப்பேறினால் பெரும்பாலும் வெளிச்சம் போதவில்லை அல்லது தண்ணீரில் நைட்ரேட் கூடுதல்.

இங்கே சிஸ்டர்ஸ் தீவு, குசு தீவுப் பக்கம் கடல் எப்போதும் கலங்கல்தான். ஆறேழு மீட்டருக்குக் கீழே பவளம் அவ்வளவாக இல்லை, வெளிச்சம் இறங்குவதில்லை. அப்படியும் சிங்கப்பூர்க் கடலில் 250க்கும் மேற்பட்ட கல்பவள வகைகள் இருக்கின்றன. தொட்டியிலும் வெளிச்சம் குறைவென்றால் பவளம் மெதுவாகத்தான் வாடும், நமக்குக் கவனிக்க நேரம் கிடைக்கும். கூடினால் நாலு நாள்தான்.

மெட்டல் ஹாலைடு பல்பு விளக்கை நம் ஊர்ச் சூட்டில் யோசிக்கவே வேண்டாம். 250 வாட் பல்பு ஒன்பது மணி நேரம் எரிந்தால் மாதம் கிட்டத்தட்ட 70 யூனிட், யூனிட் 30 காசு என்று வைத்தால் 21 சிங்கப்பூர் வெள்ளி, அது கிளப்புகிற சூட்டைத் தணிக்கச் சில்லர் ஓடுகிற செலவு தனி. 90 வாட் எல்இடிக்கு ஏழெட்டு வெள்ளியோடு போகும். ஏற்கனவே வீட்டில், “மீனுக்கு ஏசி, எனக்குக் காத்தாடியா?” என்று கேட்டாகிவிட்டது.

இப்போது அதே மாடலில் இரண்டு விளக்கு, தண்ணீருக்கு 25 சென்டிமீட்டர் மேலே. 25 சதவீதத்தில் ஆரம்பித்து வாரம் ஐந்து ஐந்தாக ஏற்றி 45இல் நிறுத்தியிருக்கிறேன், காலையில் ஒரு மணி நேரம் மெல்ல ஏறும், ராத்திரி அதேபோல் இறங்கும், நடுவில் முழு வெளிச்சம் ஏழு மணி நேரம். பிழைத்த இரண்டு ஹேமர் தலையையும் 110 காட்டிய இடத்துக்கு இறக்கிவிட்டேன். ஒன்று போன மாதம் பக்கவாட்டில் குட்டித் தலை விட்டிருக்கிறது, மிளகு அளவுதான் இருக்கும். விளக்குக் கண்ணாடியில் உப்பு படிந்திருக்கிறது, சனிக்கிழமை துடைக்க வேண்டும், துடைத்தால் வெளிச்சம் கூடிவிடுமே, முதலில் 40க்குக் குறைத்துவிட்டுத் துடைக்கிறேன்.