அப்பா கொடுத்த வெள்ளிக் கண்

ஒன்பது வருடம் முன்னால் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வேளாங்கண்ணி மாதாவுக்கு வெள்ளியில் கண் வாங்கி வைக்கச் சொல்லி என்னிடம் 1,500 ரூபாய் கொடுத்தார். நான் அதை வீட்டு வாடகைக்குக் கட்டிவிட்டு, "வச்சிட்டேம்ப்பா" என்றேன். அதை நம்பியே அவர் கண்ணை மூடினார்.

அம்மாவுக்கு இது தெரியாது. "ஒரு தடவையாவது கொடியேத்தத்துக்கு நடந்து போய்ட்டு வாய்யா" என்று இந்த வருடமும் ஆரம்பித்தார். சரி என்று காவி கட்டி, தஞ்சாவூரிலிருந்து எங்கள் பங்குக் கோயில் குழுவோடு கிளம்பிவிட்டேன். நாகப்பட்டினம் தாண்டிய பிறகு வரும் கடைசி 12 கிலோமீட்டர்தான் ஆளைக் கொன்றது. கால் முழுக்கக் கொப்புளம். வழியெல்லாம் மோர்ப் பந்தல். மோர்க்காரப் பையனுக்குக் காட்சி கொடுத்த மாதாவின் ஊருக்குப் போகும் வழியில் மோருக்கா பஞ்சம்!

ஊருக்குள் நுழைந்ததும் லாட்ஜ் தரகர்கள் மொய்த்துவிட்டார்கள். நடக்க முடியாமல் நொண்டுகிறவனின் கையைப் பிடித்து இழுத்து, "ஏசி ரூம் சார்" என்கிறார்கள். கொடியேற்ற நாளான ஆகஸ்ட் 29 வந்தால் வாடகை எங்கேயோ போய்விடுகிறது.

கிளம்பும்போது சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்த மச்சான் கேட்டது வழியெல்லாம் உறுத்தியது. "ரோமர் 10:9 வாசிங்க மாமா. வாயால அறிக்கையிட்டு இருதயத்துல விசுவாசிச்சா இரட்சிப்பு. பாவத்தைச் சொல்ல நடுவுல சாமியார் எதுக்கு?" கத்தோலிக்கர்கள் நாங்கள் நம்பிக்கை, மீட்பு என்போம், அவர்கள் விசுவாசம், இரட்சிப்பு என்பார்கள். 'அறிக்கை' மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே சொல். ஞாயிறுதோறும் நம்பிக்கை அறிக்கையைக் கடகடவென்று ஒப்பிக்கிற என் வாய்க்கு, பாவ அறிக்கைதான் ஒன்பது வருடமாக வரவில்லை.

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தன வரிசையில் எனக்குக் கிடைத்தவர் வயதான சாமியார். காதில் மெஷின். நான் முணுமுணுத்ததும், "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றார். பின்னால் வரிசை நிற்கிறது. "எங்க அப்பாகிட்ட பொய் சொன்னேன் சாமி" என்றேன். தொண்டை அடைத்தது. "ம், சொல்லுங்க." மாதா காசை எடுத்துச் செலவழித்தது வரை சொல்லி முடித்தேன். சட்டைப் பையில், இந்தத் தடவை வாங்கி வந்த வெள்ளிக் கண் வியர்வையில் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. அதை எடுத்துக் காட்டி, "இதை வச்சிட்டா சரியாயிடுமா சாமி?" என்றேன்.

"வைங்க. ஆனா கடனை அடைக்கிறதா நினைச்சு வைக்காதீங்க. அதை ஆண்டவர் சிலுவையிலயே அடைச்சிட்டார்."

பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரம் 'சர்வேசுரா சுவாமி'க்கு மேல் ஓடவில்லை. அவரே எடுத்துக் கொடுத்தார். பாவமன்னிப்பு கொடுக்க அவர் கையை நீட்டியபோது என் தலை தானாகக் குனிந்தது. அப்பாவுக்காக ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை பரிகாரம்.

மாதா முன்னால் என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தேன். "நகருங்க, நகருங்க" என்று தள்ளுகிறார்கள். "அம்மா, இது அப்பா கொடுத்தது." அவ்வளவுதான் வந்தது. காணிக்கைப் பெட்டிக்குள் அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. மரியே வாழ்க! என்னையும் ஒரு பிள்ளையாக எண்ணி வரவழைத்தாயே தாயே, நன்றி, கோடி நன்றி. அழுது அழுது வெளியே எப்படி வந்தேன் என்றே தெரியாது.

அம்மா கேட்ட மாதா எண்ணெயை வாங்க மறந்துவிட்டேன். பஸ் திருவாரூர் தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது.