கோத்தகிரி இலைப் பதிவுச் செயலி: பட்டியல் வேலை நாட்குறிப்பு

ஜூன் 9, திங்கள்

கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) பச்சைத் தேயிலை வாங்கும் மையங்களுக்கான எடைப்பதிவுச் செயலியைப் பராமரிக்கும் பொறுப்பு இன்று என்னிடம் வந்தது. பள்ளத்தாக்கு ஓரத்து மையங்களில் சிக்னல் நிற்பதில்லை என்பதால், எடை முழுவதும் முதலில் போனிலேயே எஸ்க்யூலைட் என்னும் சிறு தரவுத்தளத்தில் பதிவாகி, பிறகுதான் சர்வருக்குப் போகிறது. விவசாயிகள் பட்டியலைத் தள்ளினால் திரை திக்கித் திக்கி நகர்கிறது என்பதே முதல் புகார்.

ஆண்ட்ராய்டில் பட்டியலைக் காட்டும் ரீசைக்ளர்வியூ, திரையில் தெரியும் சில வரிகளுக்கான வியூக்களை (காட்சிக் கட்டங்களை) மட்டும் வைத்துக்கொண்டு, மேலே மறைந்தவற்றையே கீழே வரும் பெயர்களுக்கு மீண்டும் பயன்படுத்துகிறது. ஆகவே ஒவ்வொரு வரி திரைக்குள் வரும்போதும் அதில் தரவை நிரப்பும் அடாப்டரின் பைண்ட் பகுதி, திரையை வரையும் அதே த்ரெட்டில் (வேலைச்சரத்தில்) ஓடுகிறது. நொடிக்கு 60 முறை வரையப்படும் திரையில் ஒருமுறை வரையக் கிடைப்பது சுமார் 16 மில்லிநொடி. முந்தைய நிரலாளர் அந்த இடத்தில், ஒவ்வொரு விவசாயிக்கும் இம்மாத மொத்தக் கிலோவைக் கேட்கும் தனி வினவலை (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை) வைத்திருக்கிறார்.

கூட்டலைத் தரவுத்தளத்திடமே ஒப்படைத்து, விவசாயிகளோடு எடைகளை இணைக்கும் லெஃப்ட் ஜாயின், ஆள்வாரியாகத் தொகுக்கும் குரூப் பை கொண்ட ஒரே வினவலாக மாற்றினேன். மாத நிபந்தனையை, இணைத்த பின் வடிகட்டும் வேர் (WHERE) பகுதியில் எழுதினால், இம்மாதம் இலை கொடுக்காதவர்கள் பட்டியலிலிருந்தே மறைந்துவிடுவார்கள். இணைப்பு விதியான ஆன் (ON) பகுதியில் எழுதினால்தான் அவர்கள் 0 கிலோவுடன் நிற்பார்கள். முதல் முறை இலை கொண்டுவரும் ஒருவரின் பெயர் பட்டியலில் இல்லாமல் போவது சிறிய விஷயமன்று.

ஜூன் 11, புதன்

விவசாயியின் புகைப்படம் அட்டவணைக்குள்ளேயே பைட்டுகளாக இருக்கிறது. பட்டியலோ எல்லா நெடுவரிசைகளையும் கேட்கிறது. ஆண்ட்ராய்டில் வினவல் முடிவு கர்சர் விண்டோ என்னும் நினைவகப் பகுதி வழியாக வருகிறது. அதன் வழக்கமான அளவு 2 எம்பி. ஒரே பதிவு அதைத் தாண்டினால் செயலி விழுந்துவிடும். படங்களைக் கோப்புகளாக வெளியே எடுத்து, பாதையை மட்டும் அட்டவணையில் வைத்தேன். பட்டியலுக்கு இப்போது எண், பெயர், ஹட்டி, மொத்தக் கிலோ, படத்தின் பாதை ஆகியவை மட்டுமே வருகின்றன.

ஜூன் 13, வெள்ளி

இன்று மையத்தில் எடை எழுதும் அக்காவின் அருகில் அமர்ந்திருந்தேன். தராசில் மூட்டை ஏறியதும் பெயரைத் தேடி அவர் விரல் மேலும் கீழும் அலைந்தது. "தம்பி, காவேரி பேரு காளனுக்குக் கீழ கிடக்கு பாருங்க. நோட்டுல நாங்க இப்படியா எழுதுவோம்?" என்றார்.

அவர் கேட்டது முற்றிலும் நியாயம். எஸ்க்யூலைட் வேறு எதுவும் சொல்லாவிட்டால் எழுத்துகளை பைட் வாரியாகவே ஒப்பிடுகிறது; எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் தமிழ் மெய்களின் இருப்பிடம் நம் அகரவரிசைப்படி இல்லை. அங்கே ல, ள, ழ, வ என்று வருகிறது. நமக்கோ ல, வ, ழ, ள. ஜகரம் சகரத்தை ஒட்டி நிற்பதால் ஜோகி, தருமனுக்கு முன்னால் போய்விடுகிறார். புள்ளியின் இடம் உயிர்க்குறிகளுக்குப் பின்னால் இருப்பதால், மல்லனுக்கு முன்பே மலையன் வருகிறார்.

ஆண்ட்ராய்டு தரும் லோக்கலைஸ்டு ஒப்பீடு போனின் மொழியைப் பொறுத்தது. மையங்களில் சில போன்கள் ஆங்கிலத்திலும் சில தமிழிலும் இருக்கின்றன. இடத்துக்கு இடம் வரிசை மாறுவதை நான் ஏற்கவில்லை. எனவே பெயரைச் சேமிக்கும்போதே ஒவ்வோர் எழுத்தையும் மெய்யாகவும் உயிராகவும் பிரித்து, அகரவரிசை எண்களாக்கி, அதைத் தனி நெடுவரிசையில் வைத்து, விரைவாக வரிசைப்படுத்த இன்டெக்ஸ் போட்டேன். புள்ளி வைத்த மெய்க்கு உயிரின் இடத்தில் 0 என்பதால் ல் எப்போதும் லகரத்துக்கு முன்னால் நிற்கும். வடவெழுத்துகள் கடைசியில் வரும். பிரிப்பதற்கு முன் யூனிகோடு சீராக்கம் அவசியம், ஏனெனில் 'போ' என்பதில் உள்ள குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு போஜன்கள் தேடலில் வெவ்வேறு ஆட்கள் ஆகிவிடுவார்கள்.

தமிழர் பெயர்களைக் காட்டும் எந்தச் செயலியும் இந்த வேலையைத் தட்டிக்கழிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஜூன் 17, செவ்வாய்

எடை வரலாற்றுத் திரை பக்கம் பக்கமாக ஆஃப்செட் (எத்தனை பதிவுகளைத் தாண்ட வேண்டும் என்ற எண்) கொண்டு எடுக்கிறது. ஆஃப்செட் 5000 என்றால் எஸ்க்யூலைட் அந்த 5000 பதிவுகளையும் கடந்துவந்து தள்ளிவிட்டுத்தான் அடுத்ததைத் தரும்; பழைய மாதங்களுக்குப் போகப் போக மந்தமாவதற்கு இதுவே காரணம். கடைசியாகக் காட்டிய பதிவின் நேரத்தையும் எண்ணையும் கொடுத்து, அதற்கு முந்தையவற்றில் 50 மட்டும் கேட்கும்படி மாற்றினேன். ஒரே நேரத்தில் இரண்டு எடைகள் பதிவாகலாம் என்பதால் நேரம் மட்டும் போதாது, எண்ணும் வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

எஸ்க்யூலைட்டைக் கையாள உதவும் ரூம் நூலகம் அட்டவணை அளவில்தான் மாற்றத்தைக் கவனிக்கிறது. எந்த எடை சேர்ந்தாலும் பட்டியல் வினவல் முழுதாக மீண்டும் ஓடுகிறது. அது போகட்டும். ஆனால் பழைய அடாப்டர் ஒவ்வொரு முறையும் 'எல்லாம் மாறிவிட்டது' என்று அறிவித்து, எல்லா வரிகளையும் புதிதாக வரையவைத்தது. அதற்குப் பதிலாக டிஃப்யூட்டில் என்னும் கருவியைப் பின்னணி த்ரெட்டில் ஓடவிட்டேன்; அது பழைய பட்டியலையும் புதியதையும் ஒப்பிட்டு, மாறிய வரியை மட்டும் திருத்தவைக்கிறது. ஆள் அவரேதானா என்பதை விவசாயியின் எண்ணாலும், வரி மாறியதா என்பதைப் பெயர், ஹட்டி, படப்பாதை, கிலோ ஆகியவற்றாலும் முடிவு செய்யச் சொன்னேன். மாலையில் தொடர்ந்து மூட்டைகள் ஏறியபோது, எடை போட்டவரின் கிலோ மட்டுமே மாறியது. மற்ற வரிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. திங்களன்று இந்தப் பதிப்பை மற்ற மையங்களின் போன்களிலும் ஏற்ற வேண்டும். ஏற்கெனவே பதிவான பெயர்களுக்கு அகரவரிசை எண்களை நிரப்பும் தரவுத்தள மாற்ற நிரலை அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.