மூன்றாம் படியில் ஏறியவனின் நாட்குறிப்பு

2024 மார்ச் 4, லண்டன்

பெருங்குடலில் தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவிய என் நோய்க்கு வழக்கமான கீமோ மருந்துகள் அனைத்தும் பார்த்தாகிவிட்டது. மீதமிருப்பது, இன்னும் பெயர்கூட வைக்கப்படாமல் எழுத்தாலும் எண்ணாலும் குறிக்கப்படும் ஒரு மாத்திரையின் முதற்கட்டச் சோதனை. மருத்துவர் ஒப்புதல் படிவத்தைப் பக்கம் பக்கமாக விளக்கினார். "அப்பாவுக்கு இதனால் குணமாகுமா?" என்று மகள் கேட்டாள். மனித உடல் இம்மருந்தை எந்த அளவுவரை தாங்கும் என்பதைத்தான் இந்தச் சோதனை கண்டறிய முயல்கிறது என்றும், குணப்படுத்துமா என்பது பின்னால் வரும் கேள்வி என்றும் அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். எனக்கு அது பிடித்தது, மகளுக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 7

அமெரிக்காவில் 1991 முதல் 2002 வரை நடந்த 460 முதற்கட்டப் புற்றுநோய்ச் சோதனைகளை ஆராய்ந்து 2005-ல் வெளியான கட்டுரையைப் படித்தேன். ஏறத்தாழ 12,000 பேர் பங்கேற்ற அச்சோதனைகளில் மருந்துக்குப் பலன் கண்டவர்கள் 10.6 விழுக்காடு, மருந்தின் நச்சால் இறந்தவர்கள் 0.49 விழுக்காடு. சராசரியை நம்பக் கூடாது என்பது கணக்காளனின் பழக்கமாதலால் உள்ளே தேடினேன். ஒரேயொரு புதிய கீமோ மருந்தை மட்டும் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் பலன் 4.4 விழுக்காடுதான். மகளிடம் முதல் எண்ணை மட்டும் சொன்னேன்.

மார்ச் 14

விலங்குகளுக்குக் கடும் நச்சாகும் அளவில் ஒரு சிறு பங்கைத் தொடக்க அளவாக வைத்து மூவருக்குக் கொடுக்கிறார்கள். முதல் சுற்று முடியும்வரை எவருக்கும் கடும் பாதிப்பு நேராவிட்டால் அடுத்த மூவருக்கு அளவை உயர்த்துகிறார்கள். ஒருவருக்கு நேர்ந்தால் அதே அளவில் மேலும் மூவரைச் சேர்க்கிறார்கள். இருவருக்கு நேர்ந்தால் கீழே இறங்குகிறார்கள். நான் மூன்றாம் படியில் இருக்கிறேன். முதல் படியில் நின்றவர்களுக்கு ஆபத்து குறைவு, பலன் கிடைக்கும் வாய்ப்போ அதைவிடக் குறைவு. ஆனால் என் அளவை நான் துணிந்து விழுங்குவதற்கு அவர்களுடைய இரத்தப் பரிசோதனை முடிவுகளே ஆதாரம். இது நியாயமான பங்கீடுதான் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இதைவிட நியாயமான ஏற்பாடு ஒன்றும் தோன்றவுமில்லை.

மார்ச் 21

முதல் மாத்திரை. மருந்து இரத்தத்தில் எப்போது ஏறி எப்போது இறங்குகிறது என்று பார்க்க மாலைவரை இரத்தம் எடுத்தார்கள், நடுநடுவே ஈசிஜி. சலிப்பு.

ஏப்ரல் 3

பக்கத்து நாற்காலிக்காரர் இமாடினிப் மருந்தைப் பற்றியே பேசுகிறார். 1998 ஜூனில் மருத்துவர் பிரையன் ட்ரக்கர் நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயாளிகளிடம் தொடங்கிய முதற்கட்டச் சோதனையில், 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானது. 2001 மே மாதத்திலேயே அமெரிக்கா ஒப்புதல் அளித்துவிட்டது. அந்நோயை ஒரேயொரு பிறழ்ந்த புரதம் இயக்குவதால்தான் அது சாத்தியமாயிற்று. பல பிறழ்வுகள் சேர்ந்து இயக்கும் என் கட்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவரிடம் இதைச் சொல்லவில்லை.

அந்தக் கதையில் என்னை ஈர்ப்பது வேறொன்று: 1,000 மில்லிகிராம்வரை உயர்த்தியும் தாங்கக்கூடிய உச்ச அளவை அவர்களால் எட்ட முடியவில்லை. உச்சமே சிறந்தது என்பது கீமோ காலத்து எண்ணம். குறிவைத்துத் தாக்கும் மாத்திரைகளுக்கு அது பொருந்துமா என்ற ஐயத்தால், நுரையீரல் புற்றுநோய்க்கான சொட்டோராசிப் மாத்திரையை நாளொன்றுக்கு 960 மில்லிகிராம் என 2021-ல் ஒப்புக்கொண்ட அமெரிக்க மருந்து நிர்வாகமே, 240 மில்லிகிராமோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் பணித்தது. எங்கள் படிகளையும் இப்படி யாரேனும் கேள்வி கேட்டால் நல்லது.

ஏப்ரல் 18

எங்கள் குழுவில் ஒருவருக்குக் கல்லீரல் நொதிகள் கடுமையாக உயர்ந்துவிட்டனவாம். யாரென்று சொல்லவில்லை. அந்தத் தகவலைச் சேர்த்த புதிய ஒப்புதல் படிவத்தில் மறுபடி கையெழுத்திட்டேன். இதே அளவில் இன்னும் மூவர் வரவிருக்கிறார்கள்.

மே 16

ஸ்கேன் முடிவு: அளவெடுக்கும் கட்டிகளின் மொத்த விட்டம் 12 விழுக்காடு வளர்ந்திருக்கிறது. 20-ஐ எட்டினால்தான் வளர்ச்சி என்பது விதி. அதனால் அறிக்கையில் 'நிலையானது' என்று எழுதியிருக்கிறார்கள். மாத்திரை தொடர்கிறது. அடுத்த ஸ்கேன் ஜூலையில்.