நீங்க என்ன நினைக்கிறீங்க அண்ணா?

மடிப்பாக்கம் வீட்டில் எட்டு வருஷம் குடியிருந்த குடும்பம் காலி பண்ணியது 2022-ல். சாவி வாங்கிய நாள் அவ்வளவாக நினைவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஹாலில் உட்கார்ந்து அந்த வீட்டு அம்மா கேட்ட ஒரு கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது.

ஓனர் இருப்பது புனேயில். வாடகை வசூல், ரிப்பேர், ஆள் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. 11 மாத ஒப்பந்தம் முடிகிற நேரம், 16,000 வாடகையை 21,000 ஆக்கச் சொல்லிவிட்டார். பக்கத்துத் தெருவில் அந்த ரேட் போனது உண்மை. போய்ச் சொன்னேன்.

"வருஷா வருஷம் அஞ்சு பர்சன்ட் ஏத்திக் குடுத்துக்கிட்டுத்தானே இருக்கோம். ஒரேயடியா அஞ்சாயிரம்னா... நீங்க என்ன நினைக்கிறீங்க அண்ணா?"

"நான் நினைக்க என்னம்மா இருக்கு? ஓனர் சொன்னதைச் சொல்றேன்."

பொய் சொல்லவில்லை. ஆனால் நான் நினைக்க நிறைய இருந்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சாக்கடைத் தண்ணீர் தரைக்கடித் தொட்டியான சம்ப்புக்குள் இறங்கியபோது நான் அங்கே போய்ச் சேர நாலு நாள் ஆயிற்று. அதற்குள் அவர்களே ஆள் பிடித்து, சம்ப்பை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி முடித்திருந்தார்கள். செலவைக் கேட்கவே இல்லை. மோட்டார் ஸ்விட்ச்சுக்கு மேல் அந்த அம்மா ஒரு தாள் ஒட்டியிருந்தார்: 'டேங்க் நிரம்ப 22 நிமிஷம். கோடையில் 30. பத்து நிமிஷத்தில் தண்ணி ஏறலைன்னா உடனே நிறுத்தவும்.' அந்த மோட்டார் ஒரு தடவைகூட எரிந்துபோனதில்லை.

ஒண்ணாம் தேதி வாடகை போடுகிறவர்தான் நல்ல குடித்தனக்காரர் என்று ஓனர்கள் சொல்வார்கள். எனக்கு அது பாதிதான். பழுது சின்னதாக இருக்கும்போதே போன் பண்ணுகிறவர்தான் வீட்டைக் காப்பாற்றுகிறவர். கசிவை ஒரு வாரத்தில் சொன்னால் வாஷரோடு போகும். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் சுவரை உடைக்க வேண்டும்.

இதையெல்லாம் ஓனரிடம் சொல்லி, "18,000-க்குப் பேசி முடிக்கிறேன் சார்" என்று கேட்டிருக்கலாம். ஒரு போன்தான். வீடு அவருடையது, பணம் அவருடையது, நடுவில் நான் யார் என்று அன்று நினைத்தேன். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. குடித்தனக்காரருக்காகப் பேசினால், அவர்களிடம் காசு வாங்கிவிட்டான் என்று சந்தேகப்படும் ஓனர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புது ஆள் வந்தால் ஒரு மாத வாடகை எனக்குக் கமிஷன். பழைய ஆள் எட்டு வருஷம் இருந்தாலும் அதற்கென்று எனக்கு எதுவும் கிடையாது. அன்று அதை மனதில் வைத்துப் பேசவில்லை என்றுதான் நம்புகிறேன். நம்புகிறேன் என்பதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

வீடு மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது. பழைய வாடகைப்படி பார்த்தாலே 48,000 போயிற்று. பெயிண்டிங் 38,000. கடைசியில் படிந்தது 19,500-க்கு. கூடக் கிடைத்தது மாதம் 3,500. விட்டதைப் பிடிக்கவே இரண்டு வருஷம் ஆகும். அவர்கள் 2014-ல் கொடுத்த பத்து மாத அட்வான்ஸ் 1,10,000. அதைத் திருப்பிக் கொடுக்கப் புது ஆளின் அட்வான்ஸை நம்பியிருந்தோம்; இப்போது சட்டப்படி மூன்று மாதம்தான் என்று சொல்லி அவர் அதற்கு மேல் தரவில்லை. மீதியை ஓனர் புரட்டி அனுப்பும் வரை அந்த அம்மா மேலும் நாற்பது நாள் காத்திருந்தார். ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

புதிதாக வந்தவர்களையும் குறை சொல்ல முடியாது. வாடகை ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடுகிறது. "பாத்தீங்களா, ஒண்ணும் கெட்டுப்போகலையே" என்கிறார் ஓனர். அவர் கணக்கில் அது சரிதான். மோட்டார் மேல் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இவர்களும் போடுகிறார்கள்.

போன மாதம் அந்த அம்மா போன் பண்ணினார். தம்பிக்குக் கல்யாணமாம், கீழ்க்கட்டளைப் பக்கம் வீடு வேண்டுமாம். "வாடகை கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை. ஓனர் நல்லவரா இருக்கணும். உங்களுக்குத் தெரியும்ல அண்ணா?" என்றார்.

கமிஷன் வேண்டாம் என்று மட்டும் உடனே சொன்னேன். வீடு இன்னும் காட்டவில்லை. என் கையில் இரண்டு வீடு காலியாக இருக்கிறது.